தனியாக கொடைக்கானலா? ஹாஸ்டல் பதிவேட்டில் வீட்டு நம்பரும் இருக்கட்டும்!

தனியாக ஊர் சுற்றப் போகிறேன் என்று வீட்டில் சொன்னால் வரும் முதல் கேள்வி உங்களுக்கே தெரியும். "யாரோட போற?" தனியாகத்தான் என்று மறுபடியும் சொன்னால் அடுத்த கேள்வி, "அங்க யார் இருக்கா?" இந்த இரண்டாவது கேள்விக்கு இன்று ஒரு பதில் இருக்கிறது: ஹாஸ்டல். கல்லூரி ஹாஸ்டல் இல்லை, பயணிகளுக்கான ஹாஸ்டல். ஓர் அறையில் நான்கு, ஆறு, எட்டு என்று அடுக்குக் கட்டில்கள் இருக்கும். நீங்கள் வாடகைக்கு எடுப்பது அறையை அல்ல, ஒரு படுக்கையை. சமையலறை, மொட்டை மாடி, உட்கார்ந்து அரட்டை அடிக்கும் பொது அறை எல்லாம் எல்லோருக்கும் பொது. தனியாகப் போனாலும் ராத்திரி சாப்பாட்டுக்குத் தனியாக உட்கார வேண்டியதில்லை.

இது புதுசா வந்த ஐடியா இல்லை. ஜெர்மனியில் ரிச்சர்ட் ஷிர்மான் என்ற பள்ளி ஆசிரியர் 1909-ல் மாணவர்களை நடைப்பயணம் அழைத்துப் போனபோது பெருமழையில் மாட்டிக்கொண்டு, ஒரு பள்ளிக்கூடத்தில் ராத்தங்கினார். விடுமுறையில் சும்மா கிடக்கும் பள்ளிக்கூடங்களில் நடந்து வருகிறவர்களைத் தங்க வைத்தால் என்ன என்று அவருக்கு அங்கேதான் தோன்றியது. 1912-ல் ஆல்டெனா என்ற ஊரின் பழைய கோட்டையில் முதல் நிரந்தர இளைஞர் விடுதி திறக்கப்பட்டது. இன்று நம்ம கொடைக்கானல், ஊட்டி வரைக்கும் வந்துவிட்டது.

தமிழ்நாட்டுக்குள் முதல் தனிப்பயணம் என்றால் பலரும் யோசிப்பது கொடைக்கானலைத்தான். அதனால் இந்தக் கட்டுரையும் அங்கேயே.

படுக்கை பதிவு செய்வதற்கு முன்

முதலில் பாதை. சொந்த வாகனத்திலோ வாடகைக் காரிலோ போகிறீர்கள் என்றால் இ-பாஸ் கட்டாயம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் இது நடைமுறையில் இருக்கிறது. 2025 கோடை சீசனில் கொடைக்கானலுக்கு வார நாட்களில் ஒரு நாளைக்கு 4,000 வாகனங்கள், வார இறுதியில் 6,000 என்று உச்சவரம்பும் வைத்தார்கள். ஆகவே சீசன் நேரத்தில் முதலில் இ-பாஸ், அப்புறம் ஹாஸ்டல் முன்பணம். மாற்றிச் செய்தால் படுக்கை இருக்கும், உங்களால் மேலே போக முடியாது. இ-பாஸுக்குக் கட்டணம் கிடையாது. "எடுத்துத் தர்றேன், இவ்வளவு கொடுங்க" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மாவட்ட நிர்வாகத்தின் இணையதளத்தில் உள்ள இணைப்பு வழியாகப் போய், மொபைலுக்கு வரும் ஓடிபியைப் போட்டு நீங்களே எடுத்துவிடலாம்.

தனியாகப் போகிறவர்களுக்கு இதைவிட எளிய வழி அரசுப் பேருந்து. பேருந்துப் பயணிகளுக்கு இ-பாஸ் தேவையில்லை. மதுரை ஆரப்பாளையத்திலிருந்து நேரடி பஸ் உண்டு. ரயிலில் வருகிறவர்கள் கொடைரோடு நிலையத்தில் இறங்கி, வத்தலக்குண்டு வழியாக ஏறலாம். 'கொடைரோடு' என்ற பெயரைப் பார்த்து ஊர் பக்கத்தில் என்று நினைத்துவிடாதீர்கள், அங்கிருந்து சுமார் 80 கிலோமீட்டர். இருட்டுவதற்குள் மேலே போய்ச் சேருகிற மாதிரி கிளம்புங்கள். கொடைக்கானல் தெருக்களில் ராத்திரியில் காட்டுமாடுகள் சர்வசாதாரணமாக நடமாடும். புது ஊரில், மூடுபனியில், டார்ச் இல்லாமல் ஹாஸ்டலைத் தேடிக்கொண்டு அவற்றின் எதிரில் போய் நிற்க வேண்டாமே.

ஹாஸ்டலைத் தேர்ந்தெடுக்கும்போது புகைப்படங்களைவிட விருந்தினர் கருத்துகளைப் படியுங்கள். அதிலும் கடைசி இரண்டு, மூன்று மாதங்களில், தனியாக வந்து தங்கியவர்கள் எழுதியதைத் தேடிப் படியுங்கள். பெண்களுக்குத் தனி டார்மிட்டரி இருக்கிறதா, லாக்கர் இருக்கிறதா, வெந்நீர் எந்த நேரத்தில் வரும், பேருந்து நிலையத்திலிருந்து எவ்வளவு தூரம், ராத்திரி ஆள் இருப்பார்களா என்று ஃபோன் போட்டே கேட்டுவிடலாம். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். பதில் சொல்கிற தொனியிலேயே இடம் எப்படி என்று பாதி தெரிந்துவிடும். சில ஹாஸ்டல்களில் 18 வயதுக்குக் குறைந்தவர்களையோ, அதே ஊர் முகவரி உள்ளவர்களையோ சேர்ப்பதில்லை. அதையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அரசு சார்பில் தங்குமிடம் வேண்டும் என்றால், தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் 'ஓட்டல் தமிழ்நாடு' கொடைக்கானலிலும் இருக்கிறது. கழகத்தின் இணையதளத்திலேயே முன்பதிவு செய்யலாம்.

பணம் கட்டும்போது ஒரே ஒரு எச்சரிக்கை. பிரபலமான தங்குமிடங்களின் பெயரில் போலிப் பக்கங்கள் உலவுகின்றன. "முன்பணத்தைத் திருப்பி அனுப்புறோம், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க" என்று சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை. ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்தால், வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு நாள் கழித்து யோசிக்காமல், உடனே 1930-ஐ அழையுங்கள். சீக்கிரம் சொன்னால் பணம் போன கணக்கை முடக்குவதற்கு வாய்ப்பு அதிகம்.

அந்த இரவில் எங்களிடம் இல்லாத ஒரு நம்பர்

இப்போது என் கதை. வேலையில் சேர்ந்த புதிதில் கொடைக்கானலில் ஒரு ஹாஸ்டலில் மூன்று நாள் தங்கினேன். பெண்களுக்கான ஆறு படுக்கை அறை. முதல் நாள் மாலையே எல்லோரும் பழகிவிட்டோம். சேலத்திலிருந்து ஓர் அக்கா வந்திருந்தார், வங்கியில் வேலை, அவருக்கும் அதுதான் முதல் தனிப்பயணம். கேம்ப் ஃபயர், பாட்டு, அந்தாக்ஷரி என்று பதினொன்றரை மணிவரை போனது. அன்றைக்கு நான் சிரித்த மாதிரி அதற்கு முன் சிரித்து ரொம்ப நாள் ஆகியிருந்தது.

ராத்திரி இரண்டு மணி இருக்கும். கீழ்க் கட்டிலிலிருந்து ஒரு விசில் மாதிரி சத்தம். அந்த அக்காவுக்கு மூச்சுத் திணறல். ஆஸ்துமா இருந்திருக்கிறது, குளிரும் விறகுப் புகையும் சேர்ந்து இழுத்துவிட்டது. அவரால் பேச முடியவில்லை. கரண்ட் இல்லை, அவருடைய ஃபோன் சார்ஜ் இறங்கி அணைந்து கிடந்தது. இன்ஹேலர் எந்தப் பையில் என்று எங்களுக்குத் தெரியாது. அவருடைய வீட்டுக்குச் சொல்லலாம் என்றால், ஆறு மணி நேரமாக உயிர்த் தோழிகள் மாதிரி பேசிக்கொண்டிருந்த எங்கள் யாருக்கும் அவருடைய முழுப் பெயர்கூடத் தெரியவில்லை. ரிசப்ஷனுக்கு ஓடிப் பதிவேட்டைப் பார்த்தோம். அதில் இருந்தது ஒரே ஒரு நம்பர். அணைந்து கிடந்த அதே ஃபோனின் நம்பர்.

ஹாஸ்டலைக் கவனித்துக்கொண்ட அண்ணன் ஒருவர் ஜீப்பை எடுத்தார். ஒருத்தி அவரைத் தாங்கிப் பிடித்துக்கொள்ள, இன்னொருத்தி பை முழுவதையும் அப்படியே தூக்கிக்கொண்டு ஏறினாள். போகிற வழியில் பைக்குள் துழாவியதில் சாக்ஸ் ஒன்றுக்குள் இன்ஹேலர் கிடைத்தது. மருத்துவமனைக்குப் போய், நெபுலைசர் வைத்து, விடியும்போது அக்கா சரியாகிவிட்டார். அவர் கேட்ட முதல் விஷயம், "வீட்டுக்குச் சொல்லிட்டீங்களா?" சொல்லவில்லை என்றதும், "நல்லதாப் போச்சு, பயந்திருப்பாங்க" என்றார். எனக்கு அதை அப்படி எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அதனால்தான் இந்த இதழைப் படிக்கும் உங்களிடம் ஃபோனை இப்போதே எடுக்கச் சொல்கிறேன். ஆண்ட்ராய்டு ஃபோனில் செட்டிங்ஸுக்குள் 'பாதுகாப்பு மற்றும் அவசரநிலை' பகுதியிலும், ஐஃபோனில் ஹெல்த் செயலியின் 'மெடிக்கல் ஐடி'யிலும் உங்கள் ரத்த வகை, ஒவ்வாமை, எடுக்கும் மருந்து, வீட்டில் ஒருவருடைய நம்பர் ஆகியவற்றைப் பதியலாம். பூட்டிய திரையிலிருந்தே அடுத்தவர் அதைத் திறந்து பார்க்க முடியும். 'பூட்டிய நிலையிலும் காட்டு' என்ற தேர்வு ஆனில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் ஃபோனே அணைந்துவிட்டால்? அதற்குத்தான் பதிவேடு. செக்-இன் செய்யும்போது உங்கள் நம்பருக்குப் பக்கத்தில் வீட்டு நம்பர் ஒன்றையும் எழுதுங்கள். அவர்கள் கேட்கவில்லை என்றாலும் எழுதுங்கள். கட்டிலில் பக்கத்தில் இருப்பவரிடம், "எனக்கு வீசிங் இருக்கு, இன்ஹேலர் இந்தப் பையில முன் ஜிப்ல இருக்கு" என்று ஒரு வாக்கியம் சொல்லி வையுங்கள். சர்க்கரை, வலிப்பு, எதுவானாலும் அப்படியே. நோயைச் சொன்னால் ஒதுக்குவார்கள் என்று நினைக்காதீர்கள். அன்று ராத்திரி ஒருத்திகூட ஒதுங்கி நிற்கவில்லை.

ஆம்புலன்ஸுக்கு 108, மற்ற எந்த அவசரத்துக்கும் 112. உங்கள் சிம்முக்கு சிக்னல் இல்லாத இடத்திலும், வேறு நிறுவனத்தின் சிக்னல் இருந்தால் 112 போகும். எனவே "டவர் இல்லை" என்று முயற்சி செய்யாமல் விட்டுவிடாதீர்கள். பெண்களுக்கு 181 இருக்கிறது. தமிழ்நாடு காவல்துறையின் 'காவல் உதவி' செயலியைக் கீழே சிக்னல் நன்றாக இருக்கும்போதே நிறுவி, ஒரு தடவை திறந்து பதிவு செய்துவிடுங்கள். அதிலுள்ள சிவப்பு 'அவசரம்' பொத்தானை அழுத்தினால் நீங்கள் இருக்கும் இடம் கட்டுப்பாட்டு அறைக்குப் போய்விடும்.

அடையாள அட்டை கேட்பார்கள்

கேட்க வேண்டும்தான். ஆனால் முழு ஆதார் எண்ணையும் வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டிய அவசியம் இல்லை. ஆதார் இணையதளத்தில் பதிவிறக்கும்போது 'மாஸ்க்டு ஆதார்' என்று தேர்ந்தெடுத்தால் கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் அட்டை கிடைக்கும். ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை கொடுத்தாலும் சரி. டிஜிலாக்கரில் வைத்திருந்தால் அட்டை வீட்டில் மறந்துபோனாலும் பிரச்சினை இல்லை.

கூட்டமாகக் கிளம்பும்போது

பொது அறையில் ராத்திரி பத்து மணிக்கு மேல் பிறக்கும் திட்டங்கள் ஒரு தனி ரகம். "காலைல நாலு மணிக்குக் கிளம்பி காட்டு வழியா போனா ஒரு வியூ பாயின்ட் இருக்கு, கூகுள்ல கூட இருக்காது" என்று ஒருவர் ஆரம்பிப்பார். பத்து நிமிடத்தில் எட்டுப் பேர் சேர்ந்துவிடுவார்கள். கூகுளில் இல்லாததற்குக் காரணம், பெரும்பாலும் அது காப்புக்காடு என்பதுதான். அனுமதியில்லாமல் அதற்குள் நுழைவது குற்றம். குற்றம் என்பதைக்கூட விடுங்கள். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றத்துக்குப் போன 23 பேர் இறந்தார்கள். தீ பிடித்தால் எந்தப் பக்கம் இறங்க வேண்டும் என்று நேற்று ராத்திரி அறிமுகமான எட்டுப் பேருக்கும் தெரியாது.

மலையில் நடக்க வேண்டும் என்றால் நேர்வழி இருக்கிறது. 2024 அக்டோபரில் தொடங்கப்பட்ட 'ட்ரெக் தமிழ்நாடு' இணையதளத்தில் மாநிலம் முழுவதும் 40 பாதைகள், எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கின்றன. முன்பதிவு செய்தால், பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள் கூட வருவார்கள். காட்டுத்தீ காலத்தில் பாதைகள் மூடப்படும், அதனால் கோடைக்கு முன் போகிறவர்கள் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஹாஸ்டலில் அறிமுகமான நான்கு பேர் சேர்ந்து பதிவு செய்வது இன்னும் நல்லது.

இன்னொரு பேச்சும் காதில் விழலாம்: 'கொடைக்கானல் காளான்'. போதைக் காளானை வைத்திருப்பதும் வாங்குவதும் விற்பதும் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்குப் பதியக்கூடிய குற்றம். யாராவது நீட்டினால், "எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு எழுந்து அறைக்குப் போய்விடலாம். தூக்கம் வருகிறது என்பது ஹாஸ்டலில் யாரும் கேள்வி கேட்காத காரணம். கூட்டத்தோடு பழகத்தான் போகிறோம், அதற்காக அவர்கள் செய்வதையெல்லாம் நாமும் செய்ய வேண்டியதில்லை.

பையில் என்ன வைக்கலாம்

டிசம்பர், ஜனவரி இரவுகளில் நன்றாகவே குளிரும், ஸ்வெட்டர் மட்டும் போதாது. லாக்கருக்குச் சொந்தப் பூட்டு, பவர் பேங்க், காதில் வைக்கும் பஞ்சு (குறட்டைக்கு இன்னும் அரசுத் திட்டம் எதுவும் வரவில்லை), சிறிய டார்ச். கொஞ்சம் ரொக்கப் பணமும் வையுங்கள், சிக்னல் போனால் யுபிஐயும் போய்விடும். வரைபடத்தை ஆஃப்லைனில் பதிவிறக்கிக்கொள்ளுங்கள். தண்ணீருக்கு ஸ்டீல் பாட்டில் எடுத்துப் போங்கள், ஐந்து லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கு அங்கே தடை இருக்கிறது.

படுக்கை சொன்ன மாதிரி இல்லை, முன்பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறார்கள் என்றால் முதலில் ரசீதையும் அவர்கள் அனுப்பிய செய்திகளையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம், தமிழிலும் பேசலாம். சுற்றுலாப் பயணிகளுக்கென்றே 1363 என்ற எண்ணும் இருக்கிறது, 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

சேலத்து அக்கா போன மாதம் தனியாக ஏற்காடு போய் வந்திருக்கிறார். ஹாஸ்டல் பதிவேட்டுப் பக்கத்தைப் புகைப்படம் எடுத்து எனக்கு அனுப்பியிருந்தார். அவருடைய பெயருக்கு நேராக மூன்று நம்பர்கள் இருந்தன. மூன்றாவது என்னுடையது.