ரோஜாவுக்கு முந்திய ரகுமான்



1992ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆந் திகதி “ரோஜா” என்னும் திரைப்படம் வெளிவந்தது. அதன் பாடல்கள் விரைவிலேயே கடல் கடந்து எம் நாட்டையும் எட்டின. மாத்தளை நகரத்து ரெக்கோடிங் பார்களில் வெற்று ஒலிநாடாக்களைக் கொடுத்துவிட்டு இளைஞர் காத்துநின்ற காலம் அது. இரத்தோட்டைப் பகுதித் தோட்ட லயங்களிலும் அப்பாடல்களே ஒலித்தன. இந்தப் புதியவர் யார் என்று எல்லாரும் வினவினர். பெயர் புதிதுதான், கை மட்டும் புதிதன்று. ஏ. ஆர். ரகுமான் அதற்கு முன்னரே பத்தாண்டுக்கும் மேலாகச் சென்னை ஒலிப்பதிவுக் கூடங்களில் கூலிக்குக் கீபோர்ட் வாசித்தவர். அந்த ஆண்டுகளைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன்.

அவர் 1967 ஜனவரி 6ஆந் திகதி சென்னையிற் பிறந்தார். அன்று அவருக்கு இட்ட பெயர் திலீப்குமார். தந்தையார் ஆர். கே. சேகர் மலையாளத் திரையுலகில் இசையமைப்பாளர். எனினும், பிற இசையமைப்பாளர்களுக்கு வாத்தியக் கோவை எழுதிக் குழுவை நடத்திக் கொடுப்பதே அவரது பெரும்பணியாக இருந்தது. ஒருவர் மெட்டுப் போடுவார். அம்மெட்டினிடையே வயலின் எங்கே எழ வேண்டும், குழல் எங்கே அடங்க வேண்டும் எனச் சுரம் எழுதுபவர் இன்னொருவர். பாட்டைக் கேட்பவர் இந்த இரண்டாமவரை அறிவதில்லை. சேகர் 1976இல் காலமானார். மகனுக்கு அப்போது ஒன்பது வயது.

குடும்பத்துக்கு எஞ்சியது தந்தையின் வாத்தியக் கருவிகளே. அவற்றை வாடகைக்கு விட்டுத் தாயார் பிள்ளைகளை வளர்த்தார். சிறுவன் தானும் கீபோர்ட் வாசிக்கப் புறப்பட்டான். தந்தையின் நண்பரான எம். கே. அர்ஜுனன் தம் குழுவில் இடமளித்தார். பகலிலும் இரவிலும் ஒலிப்பதிவு. பாடசாலைக்குச் செல்ல நேரமில்லை. வரவு குறைந்தது, மதிப்பெண் குறைந்தது, ஈற்றிற் படிப்பே நின்றுபோயிற்று. பாடசாலை அதிபர் என்ற முறையில் இவ்விடத்தை என்னால் எளிதிற் கடந்துவிட இயலவில்லை. வரவு இடாப்பிற் சிவப்புக் கோடு விழுந்த பெயர்கள் எம்மிடமும் உண்டு. அப்பிள்ளை எங்கே போகின்றான் என்பதை இடாப்பு சொல்வதில்லை. படிப்பை விட்டதனாலேயே அவர் உயர்ந்தார் என்று கூறுவோரும் உளர்; அது பிழை. அவர் விரும்பி விட்டாரல்லர். வீட்டின் அடுப்பு எரிய வேண்டியிருந்தது.

ஆயினும் கல்வி நிற்கவில்லை. இளையராஜாவுக்கும் ஆசானாக விளங்கிய தன்ராஜ் மாஸ்டரிடம் மேலைத்தேய இசை பயின்றார். எம். எஸ். விஸ்வநாதன், இளையராஜா, ரமேஷ் நாயுடு, ராஜ்–கோட்டி ஆகியோரின் குழுக்களில் வாசித்தார். இலண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் புலமைப்பரிசிலும் பெற்றுச் சென்னையில் இருந்தவாறே மேலைச் செவ்வியல் இசையில் டிப்ளோமா பெற்றார். சிவமணி, ஜோன் அந்தோனி, சுரேஷ் பீட்டர்ஸ் முதலிய நண்பர்களோடு “ரூட்ஸ்” என்ற குழுவிலும் வாசித்தார். ராக் இசையும் ஜாஸ் இசையும் அவர்கள் கையில் கலந்தன. ஜாஸ் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே பிறந்த இசை. எழுதிவைத்த சுரத்திலிருந்து விலகி, அவ்வப்போதைய கற்பனையில் வாசிப்பதே அதன் உயிர். எமது வித்துவான்கள் மனோதர்மம் என்று சொல்வதற்கு அது தூரத்து உறவு எனலாம்.

அக்காலத்திற் கருவிகளும் மாறிக்கொண்டிருந்தன. முன்னர்ப் பாடகரும் வாத்தியக்காரரும் ஒரே கூடத்திற் கூடி, ஒரே மூச்சிற் பாட்டைப் பதிவு செய்வர். ஒருவர் தவறினால் எல்லாரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். 1983இல் “மிடி” என்ற பொது ஒழுங்கு வந்தது. வெவ்வேறு நிறுவனத்தார் செய்த மின்னிசைக் கருவிகள் தம்முள் ஒன்றோடொன்று பேச அது வழிவகுத்தது. அதன்பின் ஒருவரே தாளத்தையும் நாதத்தையும் அடுக்கடுக்காக அமைத்து, வேண்டியபோது மாற்றவும் முடிந்தது. இந்த வித்தையை இளமையிலேயே கைவசமாக்கியவர்களுள் திலீப்பும் ஒருவர்.

1987இல் ஆல்வின் கைக்கடிகார விளம்பரத்துக்கு இசையமைக்கும் வாய்ப்புக் கிட்டியது. அடுத்த ஐந்தாண்டுகளில் அவர் அமைத்த விளம்பர இசை முந்நூறுக்கு மேல் என்பர். விளம்பரம்தானே என்று நாம் இகழ்ந்துவிடக்கூடாது. அரை நிமிடத்துக்குள் கேட்பவரின் செவியைப் பிடித்து, பொருளின் பெயரையும் மனத்திற் பதித்துவிட வேண்டும். ஒரு சுரம்கூட வீணாகலாகாது. கூலி வாசிப்பில் மற்றவர் மனத்தில் உள்ளதை வாசித்தவர், இங்கேதான் தம் மனத்தில் உள்ளதை அமைக்கக் கற்றார். இக்காலத்தை ஒட்டியே குடும்பம் இஸ்லாத்தைத் தழுவியது. திலீப்குமார் ரகுமான் ஆனார்.

வீட்டுக் கொல்லைப்புறத்தில் “பஞ்சதன்” என்ற சிறு ஒலிப்பதிவுக் கூடத்தையும் அமைத்தார். கட்டடம் எழுந்தது, உள்ளே வைக்கக் கருவி வாங்கப் பணமில்லை. தாயார் தம் நகைகளைக் கொடுத்தார். பதிவுக் கருவி வந்தது. வாடகை மணிக் கணக்குக்கு அஞ்சாமல், நள்ளிரவிலும் ஓர் ஒலியைப் பத்து முறை திருத்தும் சுதந்திரம் அங்கே பிறந்தது. ஒலிப்பொறியாளர் எச். ஸ்ரீதர் உடனிருந்தார். 2008இற் காலமாகும் வரை அவர் பிரியவில்லை.

லியோ காப்பி விளம்பரத்துக்கு ரகுமான் அமைத்த இசை பலரது கவனத்தை ஈர்த்தது. விளம்பரத்துறையினர் வழியாகவே இயக்குநர் மணிரத்னத்தின் அறிமுகமும் கிட்டியது. கே. பாலசந்தரின் கவிதாலயா நிறுவனத்துக்காக மணிரத்னம் இயக்கிய “ரோஜா”வுக்கு ரகுமான் பெற்ற ஊதியம் 25,000 ரூபா. விளம்பரங்களில் அவர் அதனிலும் விரைவாகப் பொருளீட்டியிருக்கலாம்.

அடுத்த ஆண்டு தேசிய விருது வந்தது. நடுவர் குழுவில் இளையராஜாவின் “தேவர் மக”னுக்கும் “ரோஜா”வுக்கும் சம வாக்குகள் கிடைத்தன. குழுவின் தலைவர் மட்டக்களப்பு அமிர்தகழியிற் பிறந்த எம்மவர் பாலு மகேந்திரா. ஆண்டுக்கணக்காகத் தம் படங்களுக்கு இளையராஜாவையே நாடியவர் அவர். தீர்க்கும் வாக்கு அவர் கையில் இருந்தது. முதற் படத்திலேயே அத்தகைய இசையைத் தந்த இளைஞருக்கே அவர் அதனை அளித்தார். ரகுமானுக்கு அப்போது வயது இருபத்தாறு.