பல மருந்துகள் உட்கொள்ளும் நோயாளரும் மருந்துப் பராமரிப்புத் திட்டமும்

ஒழுங்கற்ற இதயத்துடிப்புக்காக வோபரின் உட்கொள்ளும் முதியவர் ஒருவர் தொற்று நோயுடன் வைத்தியசாலை விடுதியில் அனுமதிக்கப்படுகிறார் எனக் கொள்வோம். அவருக்கு நீரிழிவும் சிறுநீரகக் குறைபாடும் உண்டு.

மருந்தாளர் முதலில் அவர் வீட்டில் உட்கொண்ட யாவற்றையும் கேட்டறிவார். கடையில் வாங்கிய நோவுக் குளிசையும் நாட்டு மருந்தும் இதில் அடங்கும்; விடையில் இதனை எழுத மறவாதீர்கள்.

தொற்றுக்கு மெற்றோனிடசோல் வழங்கப்படின், ஈரலில் வோபரின் சிதைக்கப்படும் வேகம் குறையும். குருதி உறைதல் மேலும் தாமதமாகி, குருதிப்பெருக்கு ஏற்படலாம். எனவே ஐ.என்.ஆர். பரிசோதனையை அடிக்கடி செய்து, பெறுமானம் 2 - 3 இற்கு இடையில் இருக்குமாறு வோபரினின் அளவு மாற்றப்படும். மெற்போமினின் அளவோ சிறுநீரகத் தொழிற்பாட்டைப் பொறுத்தது.

மெற்றோனிடசோல் முடிந்ததும் வோபரின் சிதைவு பழைய வேகத்தை அடையும். அப்போது குறைத்த அளவு போதாது, இரத்தக்கட்டி உருவாகலாம். ஆகவே வீடு செல்லுமுன் அடுத்த பரிசோதனைத் திகதியையும் குறித்துக் கொடுத்தல் வேண்டும்.