பையில் அடங்காத தூள்

கும்மிடிப்பூண்டி ஆலைகள் கழித்துவிடும் பாலட் பலகையை வாங்கி, புதுவாயலில் வீட்டுக் கொட்டகையிலேயே பெஞ்சும் அலமாரியும் செய்பவரா நீங்கள்? தரையில் குவியும் மரத்தூளுக்கு அவ்வளவாகப் பயப்பட வேண்டாம். சாண்டர் நின்ற பிறகும் ஷீட் இடுக்கில் விழும் வெயில் கீற்றில் மிதக்கிறதே, அதுதான் மூக்கிலும் நுரையீரலிலும் போய்ப் படிவது.

இங்கிலாந்தின் ஹை விக்கம் நாற்காலிக்குப் பேர்போன ஊர். அரிதான ஒரு மூக்குப் புற்றுநோய் மரவேலைக்காரர்களுக்கே திரும்பத் திரும்ப வருவதை 1960களில் அங்கே கவனித்தவர் எஸ்மி ஹாட்ஃபீல்டு என்ற காது மூக்கு தொண்டை மருத்துவர். 1995-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மரத்தூளைப் புகையிலை இருக்கும் அதே முதல் பிரிவில் சேர்த்தது. ஒரு பக்க மூக்கு மட்டும் அடைத்துக்கொண்டே இருந்தாலோ, அதில் ரத்தம் வந்தாலோ சளி என்று தள்ளிப்போடாதீர்கள்.

டஸ்ட் கலெக்டர்தான் இருக்கிறதே என்பீர்கள். அதன் பையைப் பாருங்கள். மலிவான மெஷினின் துணிப்பை சீவலைப் பிடித்துக்கொண்டு, சன்னத் தூளை அறைக்குள்ளேயே திருப்பி ஊதிவிடும். தரை பளிச்சென்று இருக்கும், காற்று கெட்டிருக்கும். சன்னத் தூளையும் பிடிக்கும் கார்ட்ரிட்ஜ் ஃபில்டர் போடுங்கள். உறிஞ்சும் வாய் பிளேடை ஒட்டியே இருக்கட்டும். குழாய் நீள நீள இழுவை குறையும். முகத்தில் கட்டும் துண்டு இதற்கு உதவாது, என்95 மாஸ்க் வேண்டும். வேலை முடிந்ததும் புளோயரால் சட்டையைத் தட்டுகிற பழக்கம் இருக்கிறதே, அதைவிடக் கெட்டது வேறில்லை.

பாலட் என்றால் ஆணி. ஆணித்துண்டு உள்ளே போய் விசிறியில் அடித்தால் பொறி பறக்கும். பைத்தூள் கனன்று நடு இரவில்கூடத் தீயாகலாம். ஆணியைப் பிடுங்கிவிட்டு அறுங்கள், படுக்கும் முன் பையைக் கொட்டிவிடுங்கள். 2012-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மூன்று மாத இடைவெளியில் இரண்டு மர அறுவை ஆலைகள் வெடித்து 4 பேர் இறந்தார்கள். மிதந்த மரத்தூள்தான் வெடித்தது.

தூள் கிளம்பும் இடத்திலேயே அதை உறிஞ்சி அகற்றச் சொன்னது 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 14-ஆம் பிரிவு. ஆனால் மின்சாரத்தில் ஓடும் பட்டறையில் 10 பேராவது இருந்தால்தான் அந்தச் சட்டப்படி அது தொழிற்சாலையாக இருந்தது. அதற்குப் பதிலாக 2025 நவம்பரில் அமலான புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் 20 பேர் வேண்டும். வீட்டுக் கொட்டகைக்கு எந்த ஆய்வாளரும் வரப்போவதில்லை. அக்கம்பக்கத்தார் வரலாம். தூளும் இரைச்சலும் தெருவாருக்குத் தொல்லையானால், குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவின்படி பொன்னேரி வருவாய்க் கோட்ட அலுவலகத்தில் அவர்கள் மனுக் கொடுக்க முடியும்.

நல்ல ஃபில்டருக்குக் காசு ஏது? கலைஞர் கைவினைத் திட்டத்தில் உள்ள 25 தொழில்களில் மரவேலையும் ஒன்று. 35 வயது நிரம்பியவர்கள் மாவட்டத் தொழில் மையம் வழியாக 3 லட்சம் ரூபாய் வரை கடன் கேட்கலாம். 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய், மானியம்.

வாங்கிய ஃபில்டரின் பெட்டியில், சன்னத் தூளையும் பிடிக்கும் தரமான ஹெப்பா என்று அச்சடித்துவிட்டு உள்ளே வெறும் துணி வைத்திருந்தால், முதலில் 1915-க்குப் போன் செய்யுங்கள். தீராவிட்டால் 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையம்; 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. பில் மட்டுமல்ல, அந்த அட்டைப்பெட்டியும் சாட்சிதான். அடுப்பெரிக்கக் கொடுத்துவிடாதீர்கள்.