விரல் நீள பிளக்கைப் பாதியாக்கும் வித்தை... சினிமா சவுண்ட் ஆட்களின் குட்டி கனெக்டர் ரகசியம்!

உங்கள் போன் சார்ஜர் ஒயர் முதலில் எங்கே பழுதாகும்? பெரும்பாலும் பிளக்கின் கழுத்தில்தான். அந்த இடத்தில் வளைந்து வளைந்து, உள்ளே இருக்கும் மெல்லிய கம்பி ஒருநாள் அறுந்துபோகும். அதன் பிறகு ஒரு கோணத்தில் பிடித்தால் சார்ஜ் ஏறும், கையை எடுத்தால் நின்றுவிடும். வீட்டில் இது வெறும் எரிச்சல். அவ்வளவுதான்.

இதே சங்கதி படப்பிடிப்புத் தளத்தில் ஒரு மைக் கேபிளுக்கு நடந்தால்? நடிகர் உருகி அழுது முடித்த டேக்கின் நடுவே 'கர்ர்... டப்' என்று ஒரு சத்தம் விழும். லைட் மாறிவிட்டது, நடிகரின் மனநிலை மாறிவிட்டது, அந்த அழுகை திரும்பி வராது. அதனால்தான் தளத்திலேயே ஒலியைப் பதிவு செய்யும் லொகேஷன் சவுண்ட் கலைஞர்கள், கட்டைவிரல் அளவுகூட இல்லாத ஒரு பிளக்குக்காக மணிக்கணக்கில் மெனக்கெடுகிறார்கள். சிலர் அதைத் தங்கள் கையாலேயே செய்துகொள்கிறார்கள்.

அந்தக் குட்டி பிளக்கில் அப்படி என்ன இருக்கிறது? பார்ப்போம்.

தளத்திலேயே குரல்... ஏன் இவ்வளவு பாடு?

இந்தியாவின் முதல் பேசும் படமான 'ஆலம் ஆரா' 1931-ல் வெளியானது. அப்போது டப்பிங் கிடையாது. நடிக்கும்போதே ஒலியும் பதிவானது. பம்பாயில் படம் எடுத்த ஸ்டூடியோவுக்கு அருகிலேயே ரயில் பாதை. ரயில் ஓடாத நள்ளிரவு நேரம் பார்த்துப் பெரும்பாலான காட்சிகளை எடுத்தார்கள்.

பின்னாளில் கையில் தூக்கிப் போகக்கூடிய கேமராக்கள் வந்தன. ஓடும்போது அவை போட்ட சத்தத்தில் வசனம் தெளிவாகப் பதிவாகாது. அதனால் படத்தை முதலில் எடுத்துவிட்டு, குரலைப் பிறகு ஸ்டூடியோவில் பேசிச் சேர்க்கும் டப்பிங் முறை நிலைத்தது. தமிழ் சினிமாவும் அந்தப் பாதையில்தான் நீண்ட காலம் நடந்தது.

2001-ல் வந்த 'லகான்' தளத்திலேயே குரலைப் பதிவு செய்த படம். அதற்காக நகுல் கம்தேவும், சென்னையின் புகழ்பெற்ற ஒலிப்பொறியாளர் எச்.ஸ்ரீதரும் தேசிய விருது பெற்றார்கள். 2009-ல் 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்துக்காகக் கேரளத்தைச் சேர்ந்த ரசூல் பூக்குட்டி ஆஸ்கர் மேடை ஏறியபோது, 'சவுண்ட் ரெக்கார்டிஸ்ட்' என்ற வேலையே பலருக்கு முதல்முறையாகத் தெரியவந்தது. 2009-ம் ஆண்டுப் படங்களுக்கான 57-வது தேசிய விருதிலிருந்து, லொகேஷன் சவுண்ட் கலைஞருக்கு எனத் தனி விருதே பல ஆண்டுகள் வழங்கப்பட்டது.

பையில் இடமே இல்லை!

ஸ்டூடியோவில் மிக்ஸர் மேஜையில் உட்கார்ந்திருக்கும். லொகேஷனில் அது தோளில் தொங்கும். ஒரு துணிப்பை, அதற்குள் மிக்ஸரும் ரெக்கார்டரும் சேர்ந்த ஒரு பெட்டி, நடிகர்களின் காலர் மைக்குகளுக்கான வயர்லெஸ் ரிசீவர்கள், பேட்டரி, அவற்றை இணைக்கும் கேபிள்கள். பல மணி நேரம் அதைச் சுமந்தபடியே வேலை. வயலில், படகில், ஓடும் காரின் பின் சீட்டில் என எங்கும் போக வேண்டும்.

சிக்கல் இங்கேதான். மிக்ஸரின் பக்கவாட்டில் மைக் கேபிளைச் சொருகினால், பிளக் ஒரு விரல் நீளத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதன் பின்னால் கேபிள் வளைவதற்கும் கொஞ்சம் இடம் வேண்டும். பையின் சுவரோ உள்நோக்கி அழுத்தும். கார் கதவில் இடித்தால், கூட்டத்தில் யாராவது உரசினால் அந்த நீளமான பிளக் கடப்பாரை மாதிரி வேலை செய்யும். நுனியில் சின்னதாக ஒரு தள்ளு, மிக்ஸரின் சாக்கெட்டில் பெரிய அழுத்தம்! கேபிளின் கழுத்து போனால் பரவாயில்லை, மாற்றிவிடலாம். சாக்கெட் ஆடிப்போனால் மிக்ஸரையே சர்வீஸுக்கு அனுப்ப வேண்டும்.

பிளக்கைக் குட்டையாக்கி, கேபிளைப் பின்பக்கம் விடாமல் பக்கவாட்டில் வெளியே எடுத்தால்? கேபிள் மிக்ஸரை ஒட்டியே இறங்கிவிடும். பை மூடும், இடித்தாலும் அழுத்தம் குறைவு. இதைத்தான் 'லோ புரொஃபைல்' கனெக்டர் என்கிறார்கள்.

3 பின், 1 தராசு

மைக் கேபிளின் முனையில் இருக்கும் வட்டமான 3 பின் கனெக்டருக்கு எக்ஸ்.எல்.ஆர் என்று பெயர். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸில் ஜேம்ஸ் கேனன் 1915-ல் தொடங்கிய கேனன் எலெக்ட்ரிக் நிறுவனம் உருவாக்கியது இது. முதலில் 'எக்ஸ்' வரிசை வந்தது. கழன்று வராமலிருக்க லாட்ச் சேர்த்ததும் 'எல்', உள்ளே ரப்பர் சேர்த்ததும் 'ஆர்'. மைக் செட் தொழிலில் இருக்கும் பழைய ஆட்கள் சிலர் இன்றும் இதை 'கேனன்' என்றே சொல்வார்கள்.

3 பின்களுக்கும் தனித்தனி வேலை. 1-வது பின் ஷீல்டு, அதாவது கேபிளைச் சுற்றியிருக்கும் கவசக் கம்பி. 2-வதும் 3-வதும் குரலைச் சுமப்பவை. ஒரே குரல் ஒன்றில் நேராகவும், இன்னொன்றில் தலைகீழாகவும் போகும்.

ஏன் இரண்டு? தராசை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு தட்டிலும் ஒரே எடையைக் கூடுதலாக வைத்தால் முள் அசையாது. ஜெனரேட்டர் ஒயரோ லைட் கேபிளோ பக்கத்தில் போகும்போது, அதன் இரைச்சல் இரண்டு கம்பிகளிலும் ஏறக்குறைய ஒரே அளவில் ஏறும். மிக்ஸர் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்வதால், இரைச்சல் அடிபட்டு குரல் மட்டும் மிஞ்சும்.

பல மைக்குகளுக்குத் தேவையான 48 வோல்ட் மின்சாரமும் இதே கேபிளில்தான் போகிறது. 2, 3 வழியாகப் போய், 1 வழியாகத் திரும்பும். ஆக, 3 இணைப்புகளில் ஒன்று ஆடினாலும் வேலை கெட்டுவிடும்.

எதை வெட்டலாம்... எதை வெட்டக் கூடாது?

சாதாரண எக்ஸ்.எல்.ஆர் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் ஓர் ஆச்சர்யம் காத்திருக்கும். மின் இணைப்பு நடப்பது முன்பாதியில் மட்டும்தான். பின்களைத் தாங்கும் பிளாஸ்டிக் துண்டு, அதாவது 'இன்சர்ட்', அங்கே இருக்கிறது. பின்பாதி முழுக்க கேபிளை இறுகப் பிடிக்கும் கவ்வியும், வளைவைத் தாங்கும் ரப்பர் வாலும்தான்.

நீளத்தைக் குறைக்க நினைப்பவர் வெட்டி எறிவது இந்தப் பின்பாதியை. கேபிளின் உயிரைக் காப்பதும் இதே பின்பாதிதான்! வெட்டியதோடு நிறுத்தினால், கேபிளை யாராவது இழுக்கும்போது அந்த இழுவை நேராக ஈயப்பற்றில் போய் விழும். ஈயம் மின்சாரத்தைக் கடத்தும். ஆனால், பாரம் இழுக்க அது ஏற்றதல்ல.

எனவே, குட்டி கனெக்டர் செய்வதில் கஷ்டமான வேலை வெட்டுவது இல்லை. வெட்டிய பிடியை அந்தக் குறுகிய இடத்துக்குள்ளேயே திரும்பக் கொண்டுவருவதுதான்.

எப்படிச் செய்கிறார்கள்?

1. சரியான பிளக்: மிக்ஸருக்குள் போவது பின்கள் நீட்டிக்கொண்டிருக்கும் 'மேல்' பிளக். இன்சர்ட்டை ஒரு சின்ன ஸ்க்ரூ பிடித்திருக்கும் மாடல்தான் இதற்குத் தோது. பின்பாதி போனாலும் இன்சர்ட் இடத்தைவிட்டு நகராது.

2. திசை முக்கியம்: எக்ஸ்.எல்.ஆர் ஒரே ஒரு கோணத்தில்தான் சாக்கெட்டில் நுழையும். கேபிள் கீழே இறங்க வேண்டுமா, பக்கவாட்டில் போக வேண்டுமா என்பதை மிக்ஸரில் சொருகிப் பார்த்து முதலிலேயே குறித்துக்கொள்ள வேண்டும். பக்கத்து சாக்கெட்டையும், அழுத்திக் கழற்றும் லாட்ச்சையும் கேபிள் மறைக்கக் கூடாது.

3. வெட்டும் அரமும்: இன்சர்ட்டை வெளியே எடுத்துவிட்டு, உலோக உறையை மட்டும் துணி சுற்றி வைஸில் பிடித்து ஹேக்ஸா பிளேடால் அறுக்கிறார்கள். குறித்த திசையில், கேபிளின் தடிமனுக்கு ஏற்ப வட்ட அரத்தால் ஒரு பள்ளம். விளிம்பில் பிசிறு இருந்தால் அது கத்தி மாதிரி கேபிளை அறுத்துவிடும். வழவழப்பாகும் வரை தேய்க்க வேண்டும்.

4. கேபிள்: மெல்லிய, நன்றாக வளையும் ஷீல்டு கேபிள்தான் இதற்குச் சரி. தடித்த மேடை கேபிள் இந்தச் சின்ன வளைவுக்கு ஒத்துழைக்காது. முறுக்கிய ஷீல்டு கம்பிக்கு, சூடு காட்டினால் சுருங்கும் ட்யூப்பை மாட்டுவது கட்டாயம். இல்லாவிட்டால் அது பக்கத்துப் பின்னைத் தொட்டுவிடும்.

5. ஈயம் வைப்பது: 63 சதவிகிதம் தகரமும் 37 சதவிகிதம் ஈயமும் கலந்த சால்டர் 183 டிகிரி செல்சியஸில் உருகும். சால்டரிங் அயர்ன் அதைவிட அதிகச் சூட்டில் இருப்பதால், அதிக நேரம் வைத்தால் பிளாஸ்டிக் இளகி பின் சாய்ந்துவிடும். இதற்கு ஒரு தொழில் தந்திரம் உண்டு. ஈயம் வைக்கும்போது எதிர் கனெக்டர் ஒன்றை முன்பக்கம் சொருகி வைப்பார்கள். பின்கள் நேராக நிற்கும், சூடும் பகிர்ந்துகொள்ளப்படும். பின்பக்கத்திலிருந்து பார்த்தால் பின்களின் வரிசை கண்ணாடி பிம்பம் போல மாறித் தெரியும். எனவே, இடத்தை நம்பாமல் அருகில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும்.

6. பிடி: கேபிள் உறைக்குள் நுழைந்ததும், அதன் மேல்தோலில் ஒரு சின்ன கேபிள் டையை இறுக்கிக் கட்டுகிறார்கள். வெளியே இழுத்தால் அந்த முடிச்சு பள்ளத்தில் மாட்டி நிற்கும். உள்ளே கம்பிகள் கொஞ்சம் தளர்வாக இருப்பதால் இழுவை ஈயப்பற்றுக்குப் போகாது.

7. மூடுவது: மல்டிமீட்டர் சோதனை முடிந்த பிறகுதான் இது. இரண்டு ட்யூப்களைக் கலந்து பூசும் எபாக்ஸி பசையால் பின்பக்கத்தை நிரப்பி மூடுகிறார்கள். ஹாட் குளூ சுலபம்தான். ஆனால், வெயிலில் நிறுத்திய காருக்குள் அது இளகக்கூடும். நம் ஊர் மே மாதத்தை நினைத்துப் பாருங்கள்!

ஈயம் வைக்கும்போது வரும் புகை யாருக்கும் நல்லதல்ல. ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்வதும், முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுவதும் அவசியம். சாப்பாட்டு மேஜையில் இந்த வேலை வேண்டவே வேண்டாம்.

'பீப்' சத்தம் மட்டும் போதாது

பசை பூசுவதற்கு முன் மல்டிமீட்டரை 'பீப்' சத்தத்தில் வைத்து, 1-க்கு 1, 2-க்கு 2, 3-க்கு 3 சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 1-க்கு 2, 2-க்கு 3 என்று குறுக்கே வைத்தால் சத்தமே வரக் கூடாது. உலோக உறை 2-ஐயும் 3-ஐயும் தொடக் கூடாது.

2-ம் 3-ம் இடம் மாறிவிட்டால் என்ன ஆகும்? வேடிக்கை என்னவென்றால், அந்த மைக்கைத் தனியாகக் கேட்டால் எந்தக் குறையும் தெரியாது. அதே குரலைப் பதிவு செய்யும் இன்னொரு மைக்குடன் சேர்க்கும்போதுதான் விஷயம் வெளியே வரும். ஒன்று மேலே தள்ள, இன்னொன்று கீழே இழுக்க, குரல் சன்னமாகி உயிரற்றுப்போகும். படப்பிடிப்பில் தப்பித்து, எடிட்டிங் மேஜையில் மாட்டிக்கொள்ளும் ரகம் இது.

கடைசிச் சோதனை காதுக்கு. நிஜ மைக்கை மாட்டி, 48 வோல்ட்டையும் போட்டு, ஹெட்போனில் கேட்டபடி கேபிளை எல்லாப் பக்கமும் வளைத்து, லேசாக இழுத்துப் பார்க்க வேண்டும். ஒரு சின்ன 'கர்ர்' கேட்டாலும் அந்தக் கேபிள் தளத்துக்குப் போகக் கூடாது.

வாங்கலாமா... செய்யலாமா?

ரெடிமேடாகவும் லோ புரொஃபைல் கனெக்டர்கள் கிடைக்கின்றன. ஸ்க்ரூ வைத்த உலோக மூடி, கேபிள் போகும் திசையை மாற்றிக்கொள்ளும் வசதி என்று அழகாக வருகின்றன. மூடியைத் திறந்து திரும்ப ஈயம் வைக்கலாம். இவற்றின் விலை சாதாரண பிளக்கைவிட அதிகம். வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதென்றால் காத்திருக்கவும் வேண்டும்.

கையால் செய்வதற்கான சாதாரண பிளக், கேபிள், ஈயம் எல்லாம் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற எலெக்ட்ரானிக்ஸ் சந்தைகளில் கிடைக்கும் பொருள்கள்தான். தன் பைக்கு ஏற்ற நீளம், ஏற்ற திசை எல்லாம் நம் கையில். ஆனால், எபாக்ஸி ஊற்றிவிட்டால் ரிப்பேர் கிடையாது. பழுதானால் வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகச் செய்ய வேண்டியதுதான்.

இந்தத் துறைக்கு வர ஆசைப்படும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு யோசனை. முதலில் வெட்டாத முழு நீள பிளக்கில் பத்து கேபிள்கள் செய்து பழகுங்கள். இழுத்துப் பாருங்கள், வளைத்துப் பாருங்கள், ஒரு மாதம் பயன்படுத்திப் பாருங்கள். பத்தும் தாங்கினால் ஹேக்ஸாவை எடுக்கலாம். தளத்துக்குப் போகும்போது, கையால் செய்த குட்டி கேபிளோடு கடையில் வாங்கிய ஒன்றும் பையில் ஸ்பேராக இருக்கட்டும். நடிகர் அழுது முடித்த பிறகு, 'இன்னொரு முறை ப்ளீஸ்' என்று கேட்கும் நிலை உங்களுக்கு வர வேண்டாம்!