வெயில் நுழையாத கடைவீதி

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத் தலைநகர் கொலம்பஸ். அதன் நடுமையத்தில், மாநில சட்டமன்றக் கட்டடத்திலிருந்து நடந்தே போய்விடும் தூரத்தில் ஒரு பெரிய புல்வெளி இருக்கிறது. குழந்தைகளுக்குக் குதிரை ராட்டினம், கோடை மாலைகளில் கச்சேரி. புல்லுக்குக் கீழே மண், மண்ணுக்குக் கீழே கான்கிரீட், அதற்கும் கீழே வரிசை வரிசையாகக் கார்கள்.

1989-ல் இந்த இடத்தில் 'சிட்டி சென்டர்' என்ற மூன்று மாடி ஷாப்பிங் மால் திறந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட கடைகள். 2009-ல் மூடினார்கள். இருபதே வயது, ஒரு தென்னைக்கு அது நல்ல காய்ப்புக் காலம். இடித்த இடத்தில் 2011-ல் பூங்கா வந்தது. நிலத்தடிப் பார்க்கிங்கை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள்.

அவ்வளவு பெரிய கட்டடத்தில் அது மட்டும்தானா தேறியது?

முதலில், ஒரு மால் எப்படிச் சாகிறது என்பதைப் பார்த்துவிடலாம். மாலின் இரண்டு முனைகளிலும் பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர்கள் இருக்கும். கூட்டத்தை இழுத்து வருபவை அவைதான் என்பதால் அவற்றுக்கு வாடகை மலிவு. நடுவிலுள்ள சின்னக் கடைகள்தான் சதுர அடிக்கு அதிகம் கொடுக்கும். ஆனால் அந்தக் கடைக்காரர்கள் ஏமாளிகள் அல்ல. 'பெரிய கடை போய்விட்டால் எனக்கு வாடகையைக் குறை, அல்லது என்னை விடு' என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி வாங்கியிருப்பார்கள். ஆகவே ஒரு பெரிய கடை மூடினால், மறுநாள் கூட்டம் குறைகிறதோ இல்லையோ, வருமானம் குறைந்துவிடும். பருப்பு இல்லாத மளிகைக் கடைக்குப் புளி வாங்கவும் ஆள் வராது. கொலம்பஸைச் சுற்றி 1997, 1999, 2001 என்று அடுத்தடுத்துப் புறநகர் மால்கள் முளைத்தன. ஊர் நடுவில் இருந்தது காலியானது.

அடுத்து எல்லா ஊரிலும் நடப்பது கூட்டம் போட்டுப் பேசுவது. வீடுகளாக்கலாம் என்பார் ஒருவர். பள்ளி, நூலகம், ஆஸ்பத்திரி என்று ஆளுக்கொரு யோசனை. எல்லாம் நல்ல எண்ணம்தான். ஆனால் இதில் கட்டடத்துக்கும் ஒரு கருத்து உண்டு. அதைக் கடைசியில்தான் கேட்கிறார்கள்.

தியேட்டர் கல்யாண மண்டபமான கதை நமக்குத் தெரியும். அது சுலபமாக நடந்ததற்குக் காரணம் இருக்கிறது. இரண்டுக்கும் வேண்டியது குறுக்கே தூண் இல்லாத பெரிய கூடம். ஜன்னல் இல்லாவிட்டாலும் பாதகமில்லை. ஒரே நேரத்தில் ஆயிரம் பேர் வந்து போக வாசல்கள். உடம்பு ஒன்றுதான், சட்டைதான் வேறு. மாலுக்கும் வீட்டுக்கும் அந்தப் பொருத்தம் கிடையாது.

பிரச்சினை வெளிச்சம். ஜன்னலின் மேல்விளிம்பு எவ்வளவு உயரமோ, அதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு தூரம்தான் பகல் வெளிச்சம் அறைக்குள் உருப்படியாக எட்டும் என்பது கட்டடக் கலைஞர்களின் கைக்கணக்கு. மேல்விளிம்பு எட்டடி உயரத்தில் என்றால் பதினாறு அடி. அதற்கு அப்பால் பட்டப்பகலிலும் விளக்கு வேண்டும். மாலின் ஒரு தளமோ நூற்றுக்கணக்கான அடி அகலம். சுவரெல்லாம் ஜன்னலாக அறுத்தாலும் நடுவயிறு இருட்டு. போதாக்குறைக்கு மாலின் வெளிச்சுவரில் ஜன்னலே வைப்பதில்லை. வெயில் பட்டால் துணி வெளுக்கும், ஏசி செலவு ஏறும், சரக்கு அடுக்கும் சுவர் வீணாகும்.

நடுவில் தளங்களை அறுத்து ஒரு பெரிய துளை போடலாம். செட்டிநாட்டு வீட்டில் முற்றம் வைத்தவர்கள் கண்டுபிடித்த அதே வழிதான். ஆனால் அவர்கள் கட்டும்போதே வைத்தார்கள். கட்டியதை அறுப்பது என்றால், காசு கொடுத்து வாங்கிய சதுர அடியைக் காசு கொடுத்தே தொலைப்பது.

இங்கேதான் எனக்குப் பிடித்த ஒரு கட்டடம் குறுக்கே வருகிறது. ரோட் ஐலண்டு மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரில் 'ஆர்கேட்' என்று ஒன்று உண்டு. கட்டியது 1828-ல். அமெரிக்காவின் மிகப் பழைய உள்ளரங்கக் கடைவீதி என்று பெயர். அதுவும் நொடித்து 2008-ல் மூடியது. 2013-ல் திறந்தபோது கீழ்த்தளத்தில் கடைகள், மேலே இரண்டு தளங்களிலும் சேர்த்து 48 குட்டி வீடுகள். 1989-ன் மாலுக்குக் கிடைக்காத மறுபிறவி 1828-ன் கடைவீதிக்குக் கிடைத்தது எப்படி? அதைக் கட்டியபோது மின்விளக்கு கிடையாது. வியாபாரம் நடக்க வேண்டுமானால் வெயில் உள்ளே வந்தாக வேண்டும். ஆகவே கூரையில் நீளக் கண்ணாடி, இருபுறமும் ஆழமில்லாத கடைகள். வெளிச்சத்துக்காக ஒல்லியாகக் கட்டியது, வீட்டுக்கும் பொருந்திவிட்டது. குழல் விளக்கும் ஏசியும் வந்த பிறகுதான் கட்டடங்களுக்கு இந்தத் தொப்பை.

வெளிச்சத்துக்கு அடுத்தது சாக்கடை. மாலில் கழிவறைகள் ஒரு மூலையில் ஒன்றாக இருக்கும். வீடு என்றால் வீட்டுக்கு வீடு குளியலறை, சமையலறை. கழிவுநீர் தானாக ஓடக் குழாய்க்குச் சரிவு வேண்டும். நூறு அடி போவதற்குள் ஓரடி இறங்கிவிடும். ஒவ்வொரு குழாய்க்கும் தளத்தில் துளை. உள்ளே இழுத்துக் கட்டிய எஃகுக் கம்பிவடங்கள் இருந்தால், தெரியாமல் அறுப்பது ஆபத்து.

எடை விஷயத்தில் மால் தாராளம். அமெரிக்க விதிப்படி வீட்டுத் தளம் சதுர அடிக்குச் சுமார் 18 கிலோ தாங்கினால் போதும்; கடையின் மேல்தளம் 34 கிலோ தாங்க வேண்டும். புத்தக அலமாரிகள் நிற்கும் நூலகத் தளத்துக்கோ 68 கிலோ. வீடு வரலாம், நூலகம் யோசிக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்கு வேண்டிய உயரக் கூரை, அகல நடை, பார்க்கிங் எல்லாம் மாலில் தயார். நாஷ்வில்லில் 'ஒன் ஹண்ட்ரட் ஓக்ஸ்' மாலின் மாடிக்கு 2009-ல் வாண்டர்பில்ட் மருத்துவமனையின் பிரிவுகள் வந்தது இதனால்தான்.

பள்ளிக்கூடமும் வந்திருக்கிறது. வெர்மான்ட் மாநிலம் பர்லிங்டனில் உயர்நிலைப் பள்ளிக் கட்டடத்தில் பிசிபி என்ற நச்சு வேதிப்பொருள் இருப்பது 2020-ல் தெரிந்தது. 2021-ல் மாணவர்களை ஊர் நடுவில் மூடிக்கிடந்த மேசீஸ் கடைக்குள் குடியேற்றினார்கள். பிள்ளைகள் எஸ்கலேட்டரில் ஏறி வகுப்புக்குப் போனார்கள். வகுப்பறைத் தடுப்புகள் கூரைவரை எட்டவில்லை. பக்கத்து வகுப்பின் பாடம் இங்கேயும் கேட்கும். ஒரே பெரிய கூடத்துக்கென்று அமைத்த காற்றோட்டத்தையும் தீயணைப்பு நீர்க்குழாய்களையும் அறை அறையாகப் பிரிப்பது சின்ன வேலை இல்லை.

எதையும் முடிவு செய்யாமல் விட்டால்? பாங்காக்கின் பழைய பகுதியில் 'நியூ வேர்ல்டு' என்றொரு மால். அனுமதிக்கு மேல் மாடிகள் கட்டியதால் 1997-ல் மூடச் சொன்னார்கள். மேல்மாடிகளை இடித்தபின் கூரை இல்லை. மழைநீர் கீழ்த்தளத்தில் தேங்கியது. கொசு தாங்காமல் அக்கம்பக்கத்தார் மீன்களைக் கொண்டுவந்து விட்டார்கள். வெயில் நேராக விழுந்தது, பாசி பிடித்தது, கொசுப்புழு பெருகியது, மீன்களுக்கு விருந்து. ஓடாத எஸ்கலேட்டர்கள் தண்ணீருக்குள் இறங்க, அவற்றைச் சுற்றித் திலேப்பியாவும் கெண்டையும் ஆயிரக்கணக்கில் நீந்தின. 2015-ல் அதிகாரிகள் அவற்றை அள்ளி அப்புறப்படுத்தினார்கள்.

கொலம்பஸுக்குத் திரும்புவோம். கார் நிறுத்தும் தளத்துக்கு ஜன்னல் வேண்டாம், குளியலறைக் குழாய் வேண்டாம். இடிப்பிலிருந்து அது தப்பியதில் வியப்பில்லை. ஆனால் அதன் தலைமேல் தோட்டம் போடுவது வேறு சங்கடம். ஈரமண் ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய இரண்டு டன். இப்படிப்பட்ட பூங்காக்களில் புல்லுக்கு மெல்லிய மண்போர்வை போதும். மரம் வைக்கும்போது கீழே தூண் எங்கே என்று பார்ப்பார்கள். சிகாகோவின் மில்லேனியம் பார்க்கில் மேடுகளுக்கு அடியில் மண்ணுக்குப் பதில் தெர்மோகோல் மாதிரியான நுரைக்கட்டிகளைத்தான் அடுக்கியிருக்கிறார்கள்.

மதியத்தில் கொலம்பஸ் புல்வெளியில் ஆட்கள் வெயிலில் மல்லாந்து கிடக்கிறார்கள். அவர்களுக்கு நேர் கீழே, பார்க்கிங்கில், பகலிலும் விளக்கு எரிகிறது.