ஆட்டோ கண்ணாடியில் உள்ள திகதியைப் பாருங்கள்



இப்போது அநேகமான டிவிஷன்களில் இரண்டு மூன்று ஆட்டோவாவது ஓடுகிறது. ராத்திரியில் பிள்ளைப் பேறுக்கு ஆஸ்பத்திரிக்குப் போவதும், டவுனிலிருந்து அரிசி, மா கொண்டு வருவதும் இந்த ஆட்டோக்களில்தான். அப்படிப்பட்ட வண்டியை ட்ரபிக் பொலிஸார் பிடித்து ஸ்டேஷனில் வைத்துவிட்டால் கஷ்டம் சாரதிக்கு மட்டுமல்ல, லயத்துக்கே கஷ்டம்தான். பல நேரம் இதற்குக் காரணம் முன் கண்ணாடியில் உள்ள வருமான அனுமதிப்பத்திரத்தின் திகதி முடிந்துபோயிருப்பது.

இந்தப் பத்திரத்தை வருடா வருடம் பிரதேச செயலகத்தில் புதுப்பிக்க வேண்டும். ஆனால் காசை மட்டும் கொண்டு போனால் தரமாட்டார்கள். செல்லுபடியாகும் காப்புறுதிப் பத்திரமும் (இன்சூரன்ஸ்), புகைப் பரிசோதனைச் சான்றிதழும் காட்ட வேண்டும். புகைப் பரிசோதனை 2008 இல் மேல் மாகாணத்தில் ஆரம்பித்து, பிறகு மற்ற மாகாணங்களுக்கும் வந்தது. ஆகவே இவை மூன்றும் ஒரே சங்கிலி. ஒன்று அறுந்தால் மற்றதும் நின்றுபோகும்.

"லீசிங் தவணை கட்டவே காசு இல்லை, லைசென்ஸை அடுத்த மாதம் பார்ப்போம்" என்று சிலர் சொல்கிறார்கள். பிந்தினால் அபராதமும் சேர்த்துக் கட்ட வேண்டும். வண்டி பிடிபட்டால் ஓட்டமும் இல்லை, ஆனால் தவணை நிற்காது. இன்சூரன்ஸ் முடிந்த நிலையில் யாரையாவது இடித்துவிட்டால் நட்டஈடு கைக்காசிலிருந்துதான் போகும். அந்தக் கடனை ஒரு குடும்பம் தாங்குமா?

புகைப் பரிசோதனைக்குப் போகுமுன் பாஸிடம் காட்டி எயார் பில்டர், பிளக், எஞ்சின் ஒயில் ஆகியவற்றைச் சரிபார்த்துக் கொள்ளுங்கள். பெற்றோல் வண்டியில் காபன் மொனொக்சைட்டு, ஹைட்ரோகாபன் என்ற வாயுக்களை அளக்கிறார்கள். டீசல் வண்டியில் புகையின் கருமையை அளக்கிறார்கள். பெயில் ஆனால் பயப்பட வேண்டாம். அவர்கள் தரும் அறிக்கையை பாஸிடம் கொடுத்து, திருத்திக்கொண்டு திரும்பப் போகலாம்.

பழைய ஆட்டோ வாங்குபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். காசைக் கொடுத்து வண்டியை எடுத்துக்கொண்டு, புத்தகத்தில் பெயர் மாற்றாமலே வருடக்கணக்கில் ஓடுபவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். வண்டி பிடிபட்டால் பதிவு உரிமையாளர் யார் என்றுதான் கேட்பார்கள். பழைய சொந்தக்காரரைத் தேடி அலைவதற்குள் நாட்கள் ஓடிவிடும். வாங்கிய உடனே பெயரை மாற்றிவிடுங்கள்.

வண்டியைப் பிடித்துவிட்டால் செய்ய வேண்டியவை:

1. வாக்குவாதம் வேண்டாம். எந்தக் குற்றத்துக்காகப் பிடித்தார்கள், எந்த ஸ்டேஷனில் வைக்கிறார்கள், கோர்ட்டு திகதி எது என்று மரியாதையாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

2. விளங்காத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். 1987 இல் 13 ஆவது திருத்தத்தின்படி தமிழும் அரசகரும மொழியாகிவிட்டது. தமிழில் எழுதும்படியோ, வாசித்து விளக்கும்படியோ கேட்கலாம்.

3. யார் கையிலும் காசு கொடுக்க வேண்டாம். தண்டச் சீட்டு தந்தால் 14 நாளுக்குள் தபாற் கந்தோரில் கட்டி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

4. முடிந்த பத்திரங்களை உடனே புதுப்பித்து, அடையாள அட்டை, வாகனப் புத்தகத்தின் பிரதி ஆகியவற்றோடு போங்கள். லீசிங் வண்டியென்றால் கம்பனிக்கும் அறிவியுங்கள்.

5. கோர்ட்டு திகதிக்குத் தவறாமல் போங்கள். போகாவிட்டால் பிடியாணை வரலாம்.

இதெல்லாம் வராமல் இருக்க ஒரு சுலபமான வழி உண்டு. மூன்று பத்திரங்களின் முடிவுத் திகதியையும் வீட்டுக் கலண்டரில் சிவப்புப் பேனாவால் குறித்து வையுங்கள். திகதிக்கு ஒரு மாதத்துக்கு முன்னமே வேலையை ஆரம்பியுங்கள். ஒவ்வொரு கிழமையும் ஓட்டக் காசில் கொஞ்சம் இதற்கென்றே உண்டியலில் போட்டு வந்தால் கடன் வாங்கத் தேவையில்லை. வாசிக்கத் தெரிந்த பிள்ளையிடம் இந்தப் பொறுப்பைக் கொடுங்கள், அப்பா மறந்தாலும் பிள்ளை மறக்காது.