சிலிக்கோன் மார்பக உள்வைப்புகளும் உடல்நல முறையீடுகளும்: சான்றும் அகற்றலும்

ஆய்வுச்சுருக்கம்

சிலிக்கோன் மார்பக உள்வைப்புப் பெற்ற பெண்கள் தெரிவிக்கும் உடல்நல முறையீடுகளை மருத்துவத்துறை எவ்வாறு மதிப்பிட்டுள்ளது என்பதை ஐக்கிய அமெரிக்கா, பிரான்சு ஆகிய நாடுகளின் பட்டறிவைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகின்றது. நிறுவப்பட்ட தீங்கு, இன்னும் நிறுவப்படாத தொடர்பு, அகற்றலால் விளையும் பயன் ஆகிய மூன்றையும் வேறுபடுத்தி நோக்க வேண்டும் என்பது இதன் மையக்கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: சிலிக்கோன், உள்வைப்பு, உறைச்சுருக்கம், நிணநீர்ப்புற்று, அகற்றல்.

முன்னுரை

1962ஆம் ஆண்டில் டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரில் தாமஸ் குரோனின், பிராங்க் கெரோ ஆகிய அறுவை மருத்துவர்கள் சிலிக்கோன் கூழ் நிரம்பிய உள்வைப்பை முதன்முதலில் ஒரு பெண்ணுக்குப் பொருத்தினர். மருத்துவக் கருவிகளை விற்பனைக்கு முன்னரே ஆராயும் அதிகாரம் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்திற்கு 1976இல்தான் கிடைத்தது. அதற்கு முன்பே சந்தையில் இருந்தமையால் இவ்வுள்வைப்புகள் பாதுகாப்புச் சான்று அளிக்கப்படாமலேயே தொடர்ந்து விற்கப்பட்டன. பிற்காலச் சிக்கல்கள் பலவற்றிற்கு இவ்விடைவெளியே தோற்றுவாய் எனலாம்.

நிறுவப்பட்ட தீங்குகள்

உடலுள் வைக்கப்படும் அயற்பொருளைச் சுற்றி நார்த்திசு உறை உருவாதல் இயல்பு. அவ்வுறை இறுகிச் சுருங்கினால் மார்பகம் கடினமாகும். வலியும் வடிவத் திரிபும் ஏற்படும். உள்வைப்பின் ஓடு காலப்போக்கில் கிழிதலும் உண்டு. உப்புநீர் உள்வைப்பு கிழிந்தால் மார்பகத்தின் அளவு குறைந்து அது புலப்பட்டுவிடும். சிலிக்கோன் கூழோ பெரும்பாலும் உறைக்குள்ளேயே தங்கிவிடுவதால் கிழிவு அறியப்படாமலேயே இருக்கக்கூடும். ஆகவே அறுவைக்குப் பின் 5 அல்லது 6 ஆண்டுகளில் முதல் முறையும், பின்னர் 2 அல்லது 3 ஆண்டுகளுக்கு ஒரு முறையும் மீயொலி அல்லது எம்.ஆர்.ஐ. சோதனை செய்யுமாறு அந்நிர்வாகம் பரிந்துரைக்கின்றது.

அரிதாகத் தோன்றும் ஒருவகை நிணநீர்ப்புற்று மற்றொரு தீங்காகும். இது மார்பகத் திசுவில் தோன்றுவதன்று. உறையிலும் அதனைச் சூழ்ந்து திரளும் நீரிலும் தோன்றுவது. சொரசொரப்பான மேற்பரப்புடைய உள்வைப்புகளோடு இது பெரிதும் தொடர்புடையது. 2016இல் உலக நலவாழ்வு நிறுவனம் இதனைத் தனிவகை நோயாக ஏற்றது. 2019இல் அலர்கன் நிறுவனத்தின் பயோசெல் வகை உள்வைப்புகள் உலகெங்கிலும் திரும்பப் பெறப்பட்டன.

உற்பத்தி முறைகேட்டால் விளைந்த தீங்கிற்குப் பிரான்சின் பி.ஐ.பி. நிறுவனம் சான்றாகும். மருத்துவத் தரத்திற்கு ஏற்காத சிலிக்கோனை அது பயன்படுத்தியமை 2010இல் வெளிப்பட்டது. 2011 டிசம்பரில் பிரெஞ்சு அரசு, அவ்வுள்வைப்புப் பெற்ற ஏறத்தாழ 30,000 பெண்களுக்கு முன்னெச்சரிக்கையாக அகற்றலைப் பரிந்துரைத்தது.

வரையறைக்குள் அடங்காத முறையீடுகள்

தீராச் சோர்வு, மூட்டுவலி, நினைவுத் தடுமாற்றம், தோல் தடிப்பு, முடியுதிர்வு முதலியவற்றைப் பெண்கள் பலர் தெரிவித்து வந்துள்ளனர். 1992இல் சிலிக்கோன் உள்வைப்பின் பயன்பாடு அமெரிக்காவில் கட்டுப்படுத்தப்பட்டது. இழப்பீட்டு வழக்குகள் பெருகியதால் டவ் கார்னிங் நிறுவனம் 1995இல் திவால் பாதுகாப்பை நாடியது. 1999இல் அமெரிக்க மருத்துவ நிறுவனத்தின் ஆய்வுக்குழு, உள்வைப்புகள் இணைப்புத்திசு நோய்களை உண்டாக்குகின்றன என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றும், மார்பகப் பகுதியில் நேரும் சிக்கல்களே முதன்மையானவை என்றும் முடிவுரைத்தது. 2006இல் கட்டுப்பாடு நீங்கியது.

எனினும் முறையீடுகள் ஓயவில்லை. இதற்குக் காரணம் உண்டு. சோர்வும் மூட்டுவலியும் உள்வைப்புப் பெறாதோரிடமும் பரவலாகக் காணப்படுவன. இவற்றை ஒரு நோயென உறுதிசெய்யும் குருதிச் சோதனையோ ஏற்கப்பட்ட நோயறி வரையறையோ இல்லை. பெயரிட்டு வரையறுக்கப்படாத ஒன்றை எண்ணிக் கணக்கிடுதல் அரிது. எனவே சான்றின்மை என்பது தீங்கின்மைக்குச் சான்றாகாது; முறையீடுகளின் மிகுதியும் தானாகவே காரணத் தொடர்பை நிறுவிவிடாது. 2021இல் உள்வைப்புகளுக்குக் கட்டமிட்ட எச்சரிக்கை கட்டாயமாக்கப்பட்டது. அவை வாழ்நாள் முழுதும் நீடிப்பன அல்ல என்பதும், உடல் முழுவதையும் தழுவிய அறிகுறிகள் அவற்றோடு தொடர்புபடுத்தப்பட்டுள்ளன என்பதும் அதில் இடம்பெற்றன.

அகற்றலும் அதன் எல்லையும்

அகற்றலுக்குப் பின் அறிகுறிகள் தணிந்ததாகப் பெண்கள் பலர் கூறியுள்ளனர். ஆய்வுகளும் இதனைப் பதிவு செய்துள்ளன. எனினும் அனைவருக்கும் தணிவு கிட்டுவதில்லை. உறை முழுவதையும் உள்வைப்போடு சேர்த்து ஒரே திரளாக எடுத்தாலன்றிப் பயனில்லை என்னும் கருத்து பரவியுள்ளது. நிணநீர்ப்புற்று உள்ளவிடத்து உறையை முழுமையாக அகற்றுதல் இன்றியமையாதது. புற்று இல்லாதவிடத்து, அகற்றப்படும் உறையின் அளவைப் பொறுத்து அறிகுறித் தணிவு வேறுபடவில்லை என ஒப்பீட்டாய்வு காட்டியுள்ளது. மெல்லிய உறை விலாவெலும்புகளோடு ஒட்டியிருப்பின், அதனை முற்றாக நீக்க முயலும்போது குருதிப்போக்கும் நுரையீரல் உறைக் காயமும் நேரலாம். அறிகுறி ஏதும் இல்லாதோர் சொரசொரப்பான உள்வைப்பை முன்னெச்சரிக்கையாக அகற்ற வேண்டும் என்று அமெரிக்க நிர்வாகம் பரிந்துரைக்கவில்லை.

முடிவுரை

நோயாளியின் கூற்று ஆய்வின் தொடக்கப்புள்ளி. அதனைப் புறந்தள்ளினால் ஆய்வே எழாது. அதனையே முடிவாகக் கொண்டால் தைராய்டுக் குறைபாடு, குருதிச்சோகை, முடக்குவாதம் போன்ற பிற காரணங்கள் கண்டறியப்படாமற் போகும். ஆதலின் முறையீட்டை ஏற்றுக் கேட்டல், பிற காரணங்களை ஆராய்தல், அகற்றலின் பயனையும் இடரையும் மறையாது உரைத்தல் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைதல் வேண்டும். கருவிகளையும் பயனாளிகளையும் தொடக்கத்திலிருந்தே பதிவேட்டில் குறித்துத் தொடர்ந்திருப்பின், அரை நூற்றாண்டுக்கும் மேலான இவ்விவாதம் பெருமளவு தெளிந்திருக்கும் என்பது இவ்வரலாறு உணர்த்தும் பாடமாகும்.